மீட்டிங் நடத்துகிறவர்களுக்கு ஆன்லைன் ஆங்கிலப் பயிற்சி: இந்தத் திட்டம் தேறுமா?

கேள்வி

வணக்கம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத டீம் லீடுகள் 16 பேருக்கு ஆறு வார ஆன்லைன் பயிற்சி தயாரிக்கிறேன். எல்லோரும் ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்த வேண்டியவர்கள். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை பிரிக்கும் சிஇஎஃப்ஆர் அளவில் பி1, பி2, அதாவது நடுத்தர நிலை. மெயில் நன்றாகவே எழுதுகிறார்கள். மீட்டிங்கில்தான் பிடி நழுவிவிடுகிறது. என் திட்டம்: 40 நிமிட வீடியோ ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குவிஸ். இலக்கணம் இரண்டு வாரம், உச்சரிப்பு ஒரு வாரம், மீட்டிங் வாக்கியங்கள் மூன்று வாரம் (மொத்தம் 60 வாக்கியங்கள்). ஆளுக்கு வாரம் 2 மணி நேரம்தான் கிடைக்கும். எதை மாற்றலாம்?

பதில் 1

முதலில் குவிஸைத் தூக்குங்கள். "இடைமறிக்க எந்த வாக்கியம் பொருத்தம்?" என்று கேட்டால் பி1 ஆட்களும் பத்துக்குப் பத்து வாங்குவார்கள். மீட்டிங்கில் அது வாய்க்கு வராததுதான் பிரச்சினை.

காரணம் நேரக்கணக்கு. பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க சராசரியாக 200 மில்லிசெகண்ட்தான் ஆகிறது. 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்டபோது, எந்த மொழியின் சராசரியும் இதிலிருந்து கால் விநாடிக்கு மேல் விலகவில்லை. ஒரே ஒரு சொல்லை யோசித்து வாயில் எடுக்கவே அரை விநாடி ஓடிவிடும். ஆக, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நம் வாக்கியம் தயாராக இருந்தாக வேண்டும். மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த இடைவெளி மூடிப்போகும். போதாததற்கு இணைப்பின் தாமதம் வேறு. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் பேச்சு பாதிக்காது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை சொல்லும் கணக்கு. அதற்கு மேல் போகப்போக, இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்கி இரண்டு பேருமே நிறுத்திக்கொள்ளும் கூத்து கூடும்.

அதனால் 60 வாக்கியம் வேண்டாம், 12 போதும். நான்கு வேலைக்கு மும்மூன்று: நீளமாகப் பேசுபவரை நிறுத்த, வாய் திறக்காதவரைப் பேசவைக்க, தடம் மாறியதைத் திருப்ப, முடிவை உறுதிப்படுத்த. நிறுத்துவதற்கு "கேன் ஐ ஸ்டாப் யூ தேர் ஃபார் எ செகண்ட்?" போதும், ஆனால் முதலில் அவர் பெயர் வர வேண்டும். பெயரைக் கேட்டதும் யாரும் ஒரு கணம் நிற்பார்கள். அந்த ஒரு கணம்தான் உங்கள் ஆளுக்குக் கிடைக்கும் அவகாசம்.

வாரத்துக்கு 60 நிமிட நேரலை வகுப்பு வையுங்கள். ஆன்லைன் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் ப்ரேக்அவுட் அறைக்கு நான்கு பேர்: ஒருவர் நடத்துவார், இருவர் கலந்துகொள்வார்கள், ஒருவர் கவனிப்பார். 8 நிமிட மீட்டிங், 4 நிமிடம் கருத்து. நான்கு சுற்றுக்கு 48 நிமிடம். மிச்சம் 12 நிமிடம் தொடக்கத்துக்கும் அறைக்குள் போய்வரவும் சரியாக இருக்கும். முதல் சுற்றை பி2 ஆள் நடத்தட்டும், பி1 ஆட்கள் கேட்டுப் பிடித்துக்கொள்வார்கள்.

கலந்துகொள்பவர்களுக்கு ரகசிய அட்டை கட்டாயம். "ஒன்றரை நிமிடம் மூச்சுவிடாமல் பேசு, பாதியில் வேறு விஷயத்துக்குப் போ." "பெயர் சொல்லிக் கேட்டால் ஒழியப் பேசாதே." அட்டை இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிட்டு, ஒரு சிக்கலும் வராமல் மீட்டிங் முடிந்துவிடும். அதில் பழக என்ன இருக்கிறது?

பதில் 2

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் இலக்கணத்தை அடியோடு விட்டுவிட வேண்டாம், ஒரே ஒரு இடம் முக்கியம்: கேட்டுக்கொள்ளும் தொனி. தமிழில் "சொல்லுங்க" என்றால் மரியாதை வினையின் விகுதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில வினையில் அதற்கு இடமில்லை. "டெல் மீ த ஸ்டேட்டஸ்" என்று அப்படியே பெயர்த்தால் அதட்டலாக விழும். "குட் யூ டேக் அஸ் த்ரூ...?" என்ற ஒரு அச்சைப் பழக்கினால் பாதி உரசல் குறையும்.

உச்சரிப்புக்கு முழு வாரம் அதிகம். இரண்டு இடங்களை மட்டும் பிடியுங்கள். ஒன்று, எண்கள். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்பது கெட்ட ஆடியோவில் தாய்மொழிக்காரருக்கே குழம்பும். "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். இரண்டு, "கேன்", "கான்ட்". கடைசி ஒலி விழுங்கப்பட்டால் "வெள்ளிக்கிழமை முடியாது" என்பது "முடியும்" என்று பதிவாகிவிடும். மறுப்பு வரும் இடத்தில் "கேனாட்" என்று முழுசாகச் சொல்லட்டும். அக்சென்ட்டைத் திருத்தப் போகாதீர்கள், ஆறு வாரத்தில் நடக்கிற காரியமில்லை, தேவையும் இல்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி. நான்கு அறைக்கும் ஒரே பயிற்றுநர்தான். கருத்து யார் சொல்வது? முன்னேற்றத்தை எப்படி அளப்பது? பேச்சைத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் ஆட்டோ கேப்ஷனை வைத்து மார்க் போடலாமா?

பதில் 1

கவனிப்பவரே சொல்லட்டும், ஆனால் "நன்றாக இருந்தது" என்று சொல்ல இடம் தராதீர்கள். தாளில் மூன்று கட்டம் போதும்: நீளப் பேச்சை நிறுத்த எத்தனை விநாடி ஆனது, எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைத்தார், கடைசி முடிவில் பொறுப்பாளர் பெயரும் தேதியும் இருந்ததா. மூன்றுமே எண்ணிப் பார்க்கக்கூடியவை, ஆங்கிலத்தில் புலியாக இருக்கத் தேவையில்லை. பயிற்றுநர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அறையில் முழுசாக இருந்தால் வகுப்பு முடிவதற்குள் நான்கையும் பார்த்துவிடுவார். ஐந்து ஐந்து நிமிடமாகத் தாவினால் எதுவும் பிடிபடாது.

முதல் வாரமும் ஆறாம் வாரமும் ஒரே வகை அட்டையைக் கொடுத்துப் பதிவுசெய்து, அதே மூன்று எண்களை ஒப்பிடுங்கள்.

பதில் 2

கேப்ஷன் மார்க் வேண்டாம். மனிதர்களுக்குத் தெளிவாகப் புரிகிற அக்சென்ட்டையும் அது தப்பாக எழுதும். சரியாகப் பேசியவருக்கும் மதிப்பெண் குறையும். வேறு விதத்தில் உதவும்: தன் பதிவில் 2 நிமிடத்தை அவரே கேட்டு கேப்ஷனைத் திருத்தட்டும், வாரத் தனிப்பயிற்சியில் 15 நிமிட வேலை. உண்மையான மீட்டிங்கின் பதிவை இதற்கு எடுப்பதானால், அதில் இருக்கும் எல்லோரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வகுப்பில் எடுத்த பதிவே சுலபம்.