நடுகற்களையும் ஊர் ஆவணங்களையும் பதிவு செய்ய நிதி பெறும் வழி என்ன?

தகடூரான் கேட்டது:

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள நடுகற்களையும், ஊர்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் ஓலைச்சுவடிகள், நிலப் பத்திரங்கள், கணக்கேடுகள் ஆகியவற்றையும் பதிவு செய்துவரும் சிறு குழு ஒன்றில் நான் இருக்கிறேன். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து விடுமுறை நாள்களில் செய்யும் வேலை இது. எங்கள் குழு எந்தச் சட்டத்தின் கீழும் பதிவு பெறவில்லை. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கும் இல்லை. பேருந்துக் கட்டணம் முதல் தாள், மசி வரை எல்லாச் செலவும் எங்கள் கைப்பணம்தான்.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது என்பதே எங்கள் கவலை. சாலையை அகலப்படுத்தும்போதும் வீட்டுமனை பிரிக்கும்போதும் வரப்போரத்துக் கற்கள் பெயர்க்கப்படுகின்றன. கல்லின் அடியில் புதையல் இருக்கும் என்று நம்பி இரவில் தோண்டிச் சாய்த்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுத்துள்ள கல் துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் மேல் போடும் பலகையாகவும் மாறிவிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நிறுத்தப்பட்ட நடுகல்லில், இறந்துபட்ட வீரனுடன் சேர்த்து, இரண்டு கள்ளர்களைக் கடித்து அவனருகே காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கால்நடைக் குடியின் வாழ்வு எப்படி இருந்தது என்பதை எந்த அரசனின் மெய்க்கீர்த்தியும் (கல்வெட்டில் அவன் புகழைப் பாடும் முகப்புப் பகுதி) இவ்வளவு நெருக்கமாகச் சொல்வதில்லை. இன்னும் எவரும் படிக்காத இத்தகைய கல் ஒன்று எங்கள் பகுதியிலேயே சாலைக்கு அடியில் சென்றுவிடக்கூடும்.

நிதிக்காக நாங்கள் அணுகிய ஓர் அலுவலகத்தில், கட்டடம் கட்டும் திட்டமாக இருந்தால் கொண்டு வாருங்கள், பட்டியல் எடுப்பதற்கெல்லாம் நிதித் தலைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனவே இங்குள்ள அனுபவமிக்கவர்களிடம் கேட்கிறேன். முதலில் அறக்கட்டளையாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமா, அல்லது இருக்கிற நிலையிலேயே எங்கிருந்தாவது உதவி பெற இயலுமா? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் வெளிநாட்டு நல்கைகளும் எங்களைப் போன்ற குழுவுக்குக் கிடைக்குமா? கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சேர்ப்பதையும் எங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?

கணக்கர் எழுதியது:

அறக்கட்டளைகளின் வரவு செலவுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் நிதி பற்றிய பகுதிக்கு மட்டும் மறுமொழி தருகிறேன்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்னும் வரம்புகளுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், நாட்டின் மரபுச் செல்வங்களையும் கலை, பண்பாட்டையும் பாதுகாப்பது தெளிவாகவே இடம்பெற்றிருக்கிறது. தம் தொழிலகம் இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஓசூரில் இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும்போது, உங்கள் மாவட்டம் இந்த வகையில் மற்ற பல மாவட்டங்களைவிட நல்ல நிலையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தைப் பெற்றுச் செயல்படும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வரிவிலக்குப் பதிவும் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ), நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் ஒப்புதலும் (அச்சட்டத்தில் 80ஜி), இதையொத்த பணியில் மூன்று ஆண்டுச் செயல்பாட்டுச் சான்றும், நிறுவன விவகார அமைச்சகத்திடம் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் வழியே பெறும் பதிவெண்ணும் வேண்டும். இன்று அறக்கட்டளை தொடங்கினாலும் நாளையே அந்தப் பணத்தை நீங்கள் நேரடியாகப் பெற இயலாது.

இதற்கு முறையான மாற்று வழி ஒன்று உண்டு. சட்டமன்றத்தின் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு அந்த மூன்று ஆண்டு நிபந்தனை பொருந்தாது. 1981-இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் துறையே இருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து பொறித்த நடுகற்களை 2006-இல் கண்டறிந்ததும் அப்பல்கலைக்கழகக் குழுவினரே. அத்தகைய துறை ஒன்று திட்டத்தின் பொறுப்பை ஏற்று, நீங்கள் களப்பணிக் குழுவாக இணைந்தால், பணமும் கணக்கும் பல்கலைக்கழகத்திடம் இருக்கும். வேலை உங்கள் கையில் இருக்கும். ஒப்பந்தக் கடிதத்தில் பதிவுகளின் படிகள் குழுவிடமும் இருக்கும் என்ற ஒரு வரியை மறவாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பேராசிரியர் ஓய்வு பெற்றுச் சென்றதும் எல்லாப் படங்களும் எங்கே போயின என்று எவருக்கும் தெரியாத நிலை பல இடங்களில் ஏற்பட்டிருக்கிறது.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு கோருவதற்கு அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்கவும் வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வந்து சேர வேண்டும். பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் பெற்றதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் இயலாது. பெரிய அமைப்பு வாங்கி எங்களுக்குப் பிரித்துத் தரும் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறக்கட்டளையா, சங்கமா என்று கேட்டால், ஏழு பேர் இருக்கிறீர்கள் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ச் சங்கமாகப் பதிவு செய்வதையே நான் பரிந்துரைப்பேன். ஆண்டுப் பொதுக்கூட்டமும் தேர்தலும் கட்டாயம் என்பதால், குழு ஒருவருடைய தனிச்சொத்தாக மாறுவதற்கு வாய்ப்புக் குறைவு. இப்போதே பதிவு செய்து, சிறு தொகையாயினும் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை வைத்திருந்தால், மூன்றாண்டு நிபந்தனைக்கான காலமும் இன்றிலிருந்தே ஓடத் தொடங்கும்.

மசிப்படி எழுதியது:

கணக்கர் ஐயா கூறிய சட்ட விவரங்களில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் மாறுபடுகிறேன்.

நிதி கிடைத்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருப்பதில்தான் பெரும் இழப்பு நேர்கிறது. பணம் கொடுப்பவர் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றையே விரும்புவார். கூரை, சுற்றுச்சுவர், திறப்பு விழாக் கல்வெட்டு ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்கும். பட்டியலுக்குக் கிடைப்பது அரிது. ஆனால் கல் அழிந்த பின்னும் நிலைத்திருப்பது அந்தப் பட்டியலும் படியும்தான். 1887 முதல் நடுவண் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. அத்துறை எடுத்த மைப்படிகள் (கல்லின் மேல் தாளை ஒற்றி மசியால் எடுக்கும் எழுத்துப் படிகள்) இருப்பதால்தான், திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணல்வீச்சு முறையால் சிதைக்கப்பட்ட எழுத்துகளையும் நம்மால் இன்று படிக்க முடிகிறது. அத்துறையின் மைசூர் அலுவலகத்தில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அந்தத் தாள்களுக்கு மதிப்பு இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கப் பதிவைத் தயாரியுங்கள். ஊர், வட்டம், புல எண் (சர்வே எண்), நிலம் பட்டாவா புறம்போக்கா என்ற விவரம், புவியிடக் குறியீடு, உயரம் அகலம், எந்தத் திசை நோக்கி நிற்கிறது, வட்டெழுத்தா தமிழா கன்னடமா, யார் வழிபடுகிறார்கள், என்ன ஆபத்து இருக்கிறது என்பன போதும். புல எண்ணை விட்டுவிடாதீர்கள். 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சின்னத்தைப் பாதுகாக்கக் கோரி மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதும்போது எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கிறவர்களைப் பார்க்கிறேன்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் படும்போது, அல்லது இருட்டியபின் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு படமெடுத்தால், நண்பகலில் தெரியாத எழுத்தும் தெளிவாகத் தெரியும். மென்மையான தூரிகையும் நீரும் தவிர வேறெதையும் கல்லின் மேல் பயன்படுத்த வேண்டியதில்லை. மசிப்படி எடுப்பதைப் பயிற்சி பெற்ற ஒருவரின் அருகிலிருந்து கற்றுக்கொண்ட பிறகே தொடங்குங்கள். மண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் தோண்டாதீர்கள். உரிமம் இன்றி அகழ்வது குற்றம்.

ஓலைச்சுவடிகளுக்கும் பத்திரங்களுக்கும் வழி வேறு. பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணங்களுக்கான நல்கைத் திட்டம் இந்த வகைக்கே உரியது. மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, எண்ணிமப் (டிஜிட்டல்) படியே வெளியே செல்லும் என்பது அதன் அடிப்படை விதி. அது வெளிநாட்டுப் பணம் என்பதால் கணக்கர் ஐயா சொன்ன சட்டம் அதற்கும் பொருந்தும். தகுதியுள்ள நூலகம் ஒன்றுடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தன் பொருளைச் செலவிட்டுச் சேர்த்த தொகுப்பே 1994-இல் அந்நூலகமாக உருவெடுத்தது. ஈழத்தில் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத் திட்டமும், பெருநிதிக்குக் காத்திராமல் தன்னார்வலர்களின் உழைப்பையும் சிறு நன்கொடைகளையும் கொண்டே வளர்ந்தது. எனவே உங்கள் முதல் ஐம்பது பக்கங்களை ஊர்க்காரர்களின் உதவியோடு முடித்துவிட்டு, அவற்றை விண்ணப்பத்தோடு இணைத்துக் கொண்டு செல்லுங்கள். பட்டியலுக்குத் தலைப்பு இல்லை என்று சொன்னவர்களால் அச்சிட்ட பட்டியலைக் கையில் வாங்கிய பின் அப்படிச் சொல்ல முடியாது.

தகடூரான் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சங்கப் பதிவையும் பட்டியல் வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகிறோம். கற்களை இடம் மாற்றுவது பற்றி மட்டும் இன்னும் தெளிவு வேண்டும். வயலில் கிடந்து அழிவதைவிடத் தொல்லியல் துறையின் காட்சியகமான தருமபுரி அகழ்வைப்பகத்திலோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ இருப்பது நல்லது என்று எங்களில் சிலர் உறுதியாகக் கருதுகிறார்கள்.

ஏரிக்கரை எழுதியது:

வேடியப்பனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பத்தில் பிறந்தவள் நான். உங்கள் பகுதியில் வேடியப்பன் கோயில் என்று சொல்லப்படும் பல இடங்களில் உள்ளே இருப்பது நடுகல்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கவனிப்பாரற்று வயலில் கிடக்கும் கல் என்று வெளியிலிருந்து வருகிறவர் நினைப்பது, ஆண்டுக்கொருமுறை பொங்கல் வைத்துக் கும்பிடும் பங்காளிகளுக்கு அவர்களுடைய முன்னோர். அதை வண்டியில் ஏற்றினால், அதன்பின் அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டிலும் உங்களுக்கு ஓலைச்சுவடியைக் காட்ட மாட்டார்கள். அவர்கள் அப்படி நடந்துகொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

வழிபாடு அற்றுப்போய், சாலைப் பணியாலோ குவாரியாலோ உடனடி ஆபத்தில் இருக்கும் கல்லை மட்டும் வட்டாட்சியர், தொல்லியல் துறை ஆகியோர் வழியாக அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். மற்றவற்றை நின்ற இடத்திலேயே காக்க ஊரையே பொறுப்பேற்கச் செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. இந்தக் கல்லைப் பெயர்க்கவோ எண்ணெய் வண்ணம் பூசவோ கூடாது என்று அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறினால், சாலைப் பொறியாளரிடம் காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்கும். நிலத்துக்காரர்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லைப் பதிவு செய்தால் சுற்றிலும் 100 மீட்டருக்கு வீடு கட்ட முடியாது என்று அஞ்சுகிறார்கள். அந்தத் தடை நடுவண் அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்கு உரியது என்பதையும், உங்கள் பட்டியலில் பெயர் ஏறுவதால் மட்டும் அது வந்துவிடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். துல்லியமான இடக்குறிப்பைப் பொதுவெளியில் இடாமல் துறையிடமும் நூலகத்திடமும் மட்டும் கொடுங்கள். புதையல் தேடுகிறவர்களும் இணையத்தைப் பார்க்கிறார்கள்.

கணக்கர் எழுதியது:

அம்மையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சுவடியைப் படமெடுக்கும் முன் உரிமையாளரிடம் தமிழில் எழுதிய ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தில் கையொப்பம் பெறுங்கள். மூலம் அவர் வீட்டிலேயே இருக்கும், படி எந்த நூலகத்தில் வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பத்திரங்களில் நிலத் தகராறு தொடர்பான பக்கங்களைப் பொதுப் பார்வைக்கு வைக்க அவர் மறுத்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 75 ஆண்டுகளைக் கடந்தாலே தொல்பொருளாகும் என்பதையும், அதைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் கடிதத்தின் கீழே அச்சிட்டுக் கொடுத்தால், வீடு தேடி வரும் பழம்பொருள் வணிகர்களிடம் அவர்கள் ஏமாறாமல் இருப்பார்கள். நல்கை தரும் அமைப்புகளும் இந்த ஒப்புதல் கடிதங்களையே முதலில் கேட்கும். சங்கத்தின் விதிமுறை வரைவு தயாரானதும் இங்கே இடுங்கள். நோக்கங்கள் பகுதியை வரிவிலக்குப் பதிவு விண்ணப்பத்துக்கு ஏற்றவாறு பார்த்துத் தருகிறேன்.