பயாப்சி அறிக்கையில் "கேஐ-67: 30 சதவீதம்" என்றால் என்ன?

தேன்மொழி:
அம்மாவின் மார்பகக் கட்டியில் எடுத்த பயாப்சி அறிக்கை நேற்று வந்தது. மேலே உள்ள வரியைப் பார்த்துவிட்டு, உடம்பில் 30 சதவீதம் பரவிவிட்டது என்று அத்தை அழுதுகொண்டிருக்கிறார். டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெழுகுக்கட்டி:
முதலில் அத்தையின் அழுகையை நிறுத்துங்கள். பரவலை அளக்கும் எண் அல்ல அது. 22 வருடமாகத் திசு ஆய்வகத்தில் ஸ்லைடு போடுகிறவன் சொல்கிறேன்.

கேஐ-67 என்பது செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம். செல் பிரியும் வேலையில் இறங்கினால் தலைகாட்டும். ஓய்ந்து கிடக்கும் செல்லில் காணக் கிடைக்காது. 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் இதைக் கண்டறிந்தார்கள். ஊர்ப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தும் (கே, ஐ), ஆய்வுத் தட்டின் 67ஆம் குழியும் சேர்ந்து பெயராகிவிட்டது.

கட்டியை மெல்லிய ஏடாகச் சீவிச் சாயமேற்றினால் மற்ற உட்கருக்கள் நீலமாகவும், இந்தப் புரதம் உள்ளவை கருப்பட்டி நிறத்திலும் தெரியும். 500 புற்றுச்செல்களை எண்ணி அதில் 150 கருப்பட்டி என்றால் 30 சதவீதம். சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, கூடவே டான்சில் (தொண்டைச் சதை) துண்டு ஒன்றுக்கும் சாயமேற்றுவோம். அது பழுப்பாகாவிட்டால் அன்றைய வேலை முழுவதும் குப்பைக்கு.

தேன்மொழி:
அப்படியானால் அந்தப் புரதத்தை அடக்கிவிட்டால் கட்டி வளராதா?

மெழுகுக்கட்டி:
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது இல்லாமலே எலிகள் பிறந்து வளர்ந்ததை 2016இல் காட்டிவிட்டார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி சோப்பு நுரை மாதிரி மேலே படிந்து விலக்கி வைக்கிறது. கூலியாள்தான், முதலாளி இல்லை.

மாதுளை:
என் அக்காவுக்கு ஓர் ஆய்வகத்தில் 18, இன்னொன்றில் 25. எதை நம்புவது?

மெழுகுக்கட்டி:
இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எந்த இடத்தில் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். 5க்குள் என்றாலும் 30ஐத் தொட்டாலும் ஓரளவு துணிந்து பேசலாம்; நடுவில் ஆளுக்கு ஓர் எண் வரும். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எந்த டாக்டரும் சிகிச்சை முடிவு செய்யமாட்டார். ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல்லின் மேலுள்ள ஒரு புரதம்) வரிகளையும் சேர்த்தே பார்ப்பார்.

தேன்மொழி, ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறிடத்தில் மறுபடி பார்க்க அவை வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.