மும்பையில் டிசைன் படிப்பு, ஆய்வு, வாத்தியார் வேலை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

முலுண்ட்வாசி

விஷுவல் கம்யூனிகேஷன், அப்ளைட் ஆர்ட், டைப் டிசைன் என்று மும்பையில் படித்தவர்கள், பாடம் எடுப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். இந்தியும் மராத்தியும் புழங்கும் ஸ்டுடியோவில் தமிழைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது? முதலில் என் கதை.

மாஸ்டர்ஸ் கடைசி வருடம் மருந்து அட்டை, டிக்கெட் மாதிரி பொடி எழுத்து வரும் இடங்களுக்காக ஒரு தமிழ் எழுத்துரு செய்தேன். வேலையை மதிப்பிட வந்த ஜூரியில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து ஒருவர், "இதில் சுழி அதிகம், ஒன்றைக் குறைத்தால் பக்கம் சுத்தமாகும்" என்றார். அவர் விரல் வைத்தது ‘ண’ மேல்! ஒன்றைக் குறைத்தால் மணம் மனமாகிவிடும் சார் என்றேன். சிரித்துவிட்டார்.

அடுத்தவர் விடவில்லை. ‘ர’வும் துணைக்காலும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. ஓலைச்சுவடிக் காலத்துத் தகராறு. ‘ர’வின் அடியில் வரும் சாய்கோடு 6 பாயிண்ட் அளவுப் பொடி எழுத்தில் தெரிகிறதா என்று அரைமணி நேரம் பேச்சு ஓடியது. தமிழ் தெரிந்த நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. நாம் சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறோம், அவருக்குக் கண்ணில் பட்டது வடிவம் மட்டும்தான். தமிழ் தெரியாத ஜூரியால் இப்படியும் ஒரு லாபம்.

தொண்ணூறடிரோடு

என் பிஎச்டி தலைப்பைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், வேண்டாம். வயதானவர்கள் தமிழ் அறிவிப்புகளை எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க முடிகிறது என்பது விஷயம். மும்பையில் தமிழ் வாசிப்பவர்கள் கிடைப்பார்களா என்று கைடு கேட்டார். தாராவி இருக்கும்போது என்ன கவலை என்று கிளம்பினேன்.

இளசுகள் வீட்டில் அச்சு அசல் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் இங்கிலீஷ் மீடியம், எழுத்து தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் என்றால் ஊரில் படித்துவிட்டு வந்த பெரியவர்கள், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், அவ்வளவுதான்.

பெரியவர்களிடம் போனால் ஒப்புதல் படிவம் முட்டுக்கட்டை. நெறிமுறைக் குழு தந்தது பக்கம் பக்கமாக இங்கிலீஷில் இருந்தது. தாராவி மறுசீரமைப்புக்காகக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. அட்டையும் பேப்பருமாக ஒருத்தி வந்து கையெழுத்துக் கேட்டால் யார் போடுவார்கள்? "ஏட்டி, இதுல கையெழுத்துப் போட்டா வீடு போயிருமா?" என்று ஓர் ஆச்சி நேராகவே கேட்டார். படிவத்தை ஒரே பக்கத்தில் பேச்சுத் தமிழில் எழுதி, வாய்மொழிச் சம்மதம் போதும் என்று குழுவிடம் மறுபடி அனுமதி வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. என்னைக் கேட்டால் என் ஆய்வில் உருப்படியான டிசைன் வேலை அந்த ஒரு பக்கம்தான். தீசிஸில் அது பின்னிணைப்பில் கிடக்கிறது.

அப்புறம் சோதனை. தாராவிச் சந்தில் தூரம் அளந்து நாற்காலி போட இடம் ஏது? ஒரு கோயில் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். அர்த்தத்தை வைத்து ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக அட்டைகளில் இருந்தவை பொருளில்லாத சொற்கள். ஒரு தையல்காரத் தாத்தா ‘டபீழு’ என்ற அட்டையை வெகுநேரம் முறைத்தார். "தப்புத் தப்பா அச்சடிச்சுக் கொண்டாந்திருக்கியேம்மா" என்று திட்டிவிட்டு, மீதி அட்டைகளை எல்லாம் சரியான சொல்லாகத் திருத்தித் திருத்திப் படித்தார். அந்த வரிசை முழுக்கத் தரவு காலி!

ஆனால் பேனாவை வாங்கி அவர் எழுதிக் காட்டிய ‘லை’யில், இன்றைய ஐகாரக் குறிக்குப் பதிலாக, யானைத் தும்பிக்கை மாதிரி வளையும் பழைய வடிவம் இருந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர், பிழைக்க மும்பை வந்தவர், கை மாறவே இல்லை. அவர் பழகிய எழுத்து என் அட்டைகள் எதிலும் கிடையாது. வயதானவர்களின் பார்வையை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் படித்த எழுத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் எப்படி என்று கைடிடம் வாதாடி, தனி அத்தியாயமாகச் சேர்த்தேன்.

மைதீர்ந்தபேனா

வாத்தியார் பக்கத்துக் கதையும் கேளுங்கள். புறநகரில் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். இரண்டு எழுத்துருக்கள் செய்து வெளியிட்டிருந்தேன். பதவி உயர்வுக்கான புள்ளிப் பட்டியலில் அவற்றுக்குக் கட்டமே இல்லை. அந்த எழுத்துருவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஜர்னலில் போட்டால் புள்ளி உண்டாம். சமைத்தவனுக்கு ஒன்றுமில்லை, சாப்பாட்டைப் பற்றி எழுதினால் மார்க்!

ஆர்.கே. ஜோஷியை நினைத்துப் பாருங்கள். விளம்பர உலகத்திலிருந்து ஐஐடி பம்பாயின் டிசைன் பள்ளியான ஐடிசிக்குப் பாடம் எடுக்க வந்தவர். விண்டோஸில் நாமெல்லாம் பார்த்த லதா எழுத்துரு அவர் மேற்பார்வையில், இந்த மும்பையில் உருவானது. இன்றைக்கு எங்கள் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ‘பப்ளிகேஷன்ஸ் எத்தனை’ என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நிலைமை கொஞ்சம் மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2008இல் தொடங்கிய டைப்போகிராஃபி டே மாதிரி கருத்தரங்குகளில் வரைந்த வேலையையே முன்வைத்துப் பேச முடிகிறது. மும்பையின் ஏக் டைப் குழு செய்த பாலு தம்பி, முக்தா மலர் எழுத்துருக்களை கூகுள் ஃபான்ட்ஸில் யாரும் இலவசமாக எடுக்கலாம். என் வகுப்பில் மராத்தி மாணவர்கள் அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ‘இ’க்கு ஏன் இவ்வளவு வளைவு என்று கேட்கிறார்கள்.

கள்ளக்குறிச்சிமாப்பிள்ளை

சின்ன இடைச்செருகல். டிசைன் என்றால் பிளவுஸ் டிசைனா என்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் மாமா, 2010 ஜூலையில் ரூபாய் குறி அறிவிக்கப்பட்டதும் அடங்கிவிட்டார். வரைந்த உதயகுமார் எங்கள் ஊர்க்காரர், ஐடிசியில் படித்தவர். அங்கே மாணவராக இருந்தபோதே பராசக்தி என்று ஒரு தமிழ் எழுத்துரு செய்திருக்கிறார். இது மாமாவுக்குத் தெரியாது, சொன்னாலும் காதில் விழாது.

பெயின்ட்கடைப்பையன்

நான் படிக்கவில்லை, என் அப்பாவைப் படம் பிடிக்க வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா சயான் கோலிவாடாவில் போர்டு எழுதுபவர். சுவரெழுத்து ஆவணப்படுத்தல் என்று டிசைன் மாணவர்கள் வருவார்கள். மணிக்கணக்கில் போட்டோ, பேட்டி, டீ. ஒரு காப்பி அனுப்புகிறோம் என்பார்கள். வந்ததே இல்லை.

ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் தூரிகையைக் கேட்டாள். அப்பா சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டுக் கொடுத்தார். மராத்தி மேல்கோட்டில் தொங்கும், தமிழ் கீழ்க்கோட்டில் உட்காரும், ரெண்டையும் ஒரே நூலில் கட்டாதே என்று சொல்லிக்கொடுத்தார். கடைப் பலகையில் மராத்தி கட்டாயம், மற்ற எழுத்துகளைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். நம் சொற்களோ நீளம். ‘வெங்கடேஸ்வரா ஸ்டோர்ஸ்’ என்று மூன்று அடி அகலத்தில் ரெண்டு மொழியிலும் எழுதிப் பாருங்கள், தெரியும். அப்பா தமிழுக்கு எழுத்தை ஒடுக்க மாட்டார், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைத் திருடுவார்.

முலுண்ட்வாசி

@பெயின்ட்கடைப்பையன் அப்பா இன்னும் எழுதுகிறாரா? அடுத்த செமஸ்டரில் எங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுக்க முடியுமா? சம்பளம் உண்டு.

பெயின்ட்கடைப்பையன்

எழுதுகிறார். கேட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு தூரிகை கொண்டு வந்தால் சரி, வெறும் கேமராவோடு வந்தால் டீ கூடக் கிடையாது என்கிறார்.