குதிரை படுத்துத் தூங்குமா? ‘உறங்க வை’ பொத்தான் பற்றி ஜட்காபேரனுக்குப் பதில்

கபிலா_பாரிஸ்:
இணையத்தில் குதிரை வளர்க்கிற ஹௌர்ஸ் விளையாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஜட்காபேரன் அண்ணா நேற்று நீளமாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். வைக்கோல், ஓட்ஸ், தேய்த்துவிடுவது பற்றியெல்லாம் சொன்னது சரிதான். கடைசியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: //எல்லாம் முடிந்ததும் ‘உறங்க வை’ பொத்தானை அழுத்துங்கள். ஆனால் இந்த விளையாட்டிலேயே பொய்யான பொத்தான் அதுதான். குதிரை படுத்துத் தூங்காது. நிஜக் குதிரை படுத்தால் சாகப் போகிறது என்று அர்த்தம்.//

இதைப் படித்ததில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குதிரை படுக்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இது 2005இல் பிரான்சில் தொடங்கிய விளையாட்டு, இங்கே எக்கிதேயோ என்று பெயர். நான் 2008இல் பள்ளிக்கூடம் போகிற வயதில் பிரெஞ்சிலேயே ஆடத் தொடங்கினேன். அந்தப் பைத்தியத்தில் அப்பாவை நச்சரித்துப் போனி கிளப்பில் சேர்ந்து இங்கே குதிரையேற்றத்துக்கு வைக்கிற கலோ பரீட்சையில் 4ஆம் நிலை வரை பாஸ் பண்ணினேன். அண்ணா பிழையாகக் கதைக்கிறார், புதியவர்கள் அதை நம்பிவிடக் கூடாது.

ஜட்காபேரன்:
தங்கச்சி, நான் கதை விடவில்லை. என் தாத்தா கும்பகோணம் ரயில் நிலைய வாசலில் முப்பது வருடம் ஜட்கா ஓட்டியவர். ராஜா என்று ஒரு குதிரை. ராத்திரி எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் கட்டியிருக்கும். கொள்ளுப் பையை அவிழ்த்ததும் பின்னங்கால் ஒன்றை லேசாக மடக்கி, குளம்பு நுனி மட்டும் தரையில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு, கீழ் உதடு தொங்க, கண் பாதி மூடி நிற்கும். அதுதான் குதிரையின் தூக்கம். ஒன்பது வயது வரை நான் படுத்தது எதிர்த் திண்ணையில்தான். ஒரு ராத்திரிகூட அது படுத்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் படுத்தது. வயிற்றுவலி வந்து உருண்டது, விடிவதற்குள் போய்விட்டது. அதனால்தான் எழுதினேன். பரீட்சை எழுதி வந்த விஷயமில்லை இது.

கபிலா_பாரிஸ்:
‘கதைக்கிறார்’ என்றால் எங்கள் தமிழில் பேசுகிறார் என்று அர்த்தம் அண்ணா. பொய் சொல்கிறீர்கள் என்று நான் எழுதவில்லை, பிழை என்றுதான் எழுதினேன். ராஜாவைப் பற்றி வாசிக்க எனக்கும் மனம் கஷ்டமாகிவிட்டது. ஆனால் ஒரு குதிரையை வைத்து உலகத்தில் இருக்கிற எல்லாக் குதிரைக்கும் எப்படிச் சட்டம் போடுவீர்கள்? பிரெஞ்சில் அந்தப் பொத்தானில் ‘கூஷே’ என்றுதான் இருக்கும். படுக்க வைப்பது, தூங்கப் போடுவது இரண்டுக்கும் இங்கே அதே சொல்தான். பொய்யான பொத்தான் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

நாமக்கல்காரன்:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன், அதனால் சொல்கிறேன். குதிரையின் பின்னங்காலில் முழங்கால் சில்லு தொடையெலும்பின் மேட்டில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். தசைக்கு அதிக வேலையில்லாமல் ஒரு காலில் பாரத்தைத் தாங்கி நிற்க முடிவது அதனால்தான். மற்ற கால் மடங்கி ஓய்வெடுக்கும், ஜட்காபேரன் சொன்ன அதே காட்சி. அப்படி நின்றபடி தூங்கவும் தூங்கும். ஆனால் கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்தில் தசையெல்லாம் தளர்ந்துவிடும், அப்போது நிற்க முடியாது, படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் குதிரை தூங்குவது மொத்தமே மூன்று முதல் ஐந்து மணி நேரம். அதில் இந்தக் கனவுத் தூக்கம் அரை மணியில் இருந்து ஒரு மணி வரைக்கும்தான், அதுவும் துண்டு துண்டாக. அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. தூக்கம் என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

ஜட்காபேரன்:
//நின்றபடி தூங்கவும் தூங்கும்// போதும் தம்பி, நன்றி. படித்த பிள்ளையே சொல்லிவிட்டது, குதிரை நின்றுகொண்டுதான் தூங்கும்.

கபிலா_பாரிஸ்:
அடுத்த வரியையும் வாசியுங்கள். //படுத்தே ஆக வேண்டும்//

ஏலராணி:
இவரிடம் அடுத்த வரியைக் காட்டிப் பயனில்லை கபிலா. தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்வது இவருக்குப் பழக்கம். 2019இல் நான் 20 போட்டி ஜெயிக்க வைத்து, பத்து வயது ஆகிற வரை காத்திருந்து, ப்ளப் என்கிற இனப்பெருக்க மதிப்பை 100 வரை ஏற்றி வைத்திருந்த ஒரு பெட்டையைப் பணமுடையால் ஏலத்தில் போட்டேன். குட்டி போட வைக்கத்தான் வாங்குகிறேன், விற்க மாட்டேன் என்று செய்தி அனுப்பினார். கடைசி நிமிடத்தில் வந்து எடுத்துக்கொண்டார். பத்தாவது நாள் பார்த்தால் மூன்று மடங்கு விலைக்கு விற்பனையில் நிற்கிறது. அந்தப் பெட்டைக்கு என் பாட்டி பெயர் வைத்திருந்தேன், அதைக்கூட மாற்றிவிட்டார். குதிரை மேல் பாசம் என்று இவர் எழுதும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

ஜட்காபேரன்:
ஏலத்தில் போட்ட பொருளை எடுத்தவன் என்ன வேண்டுமானாலும் செய்வான். பாட்டி பெயர் வைத்த குதிரையை ஏன் ஏலத்தில் போட்டீர்கள்? அப்புறம், இங்கே நடக்கிற பேச்சு அது இல்லை. குதிரை படுக்காது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஏலராணி:
உங்களிடம் கேள்வி கேட்டால் மட்டும் பேச்சு அது இல்லையா?

கபிலா_பாரிஸ்:
பதில் நான் சொல்கிறேன். எங்கள் கிளப்பில் வெள்ளை நரைத்த சாம்பல் நிறப் பெட்டை ஒன்று இருக்கிறது, பதினேழு வயது. சனிக்கிழமை காலையில் நான் போகிற நேரம் அதன் இடது விலாவில் பச்சையும் மஞ்சளுமாகப் பெரிய லத்திக் கறை இருக்கும், உள்ளங்கை இரண்டு வைத்தாலும் மறையாது. வால் முழுக்க வைக்கோல். காதுக்குக் கீழே கன்னத்தில்கூட வைக்கோல் அச்சு. நின்றுகொண்டே தூங்கிய குதிரைக்கு விலாவில் எப்படி அண்ணா லத்தி ஒட்டும்? நானே ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுப்பேன். அரை மணி நேரம் ஆகும். மஞ்சள் நிறம் அப்பவும் முழுவதும் போகாது. விளையாட்டில் தேய்த்துவிடும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த விலாதான் நினைவில் வரும்.

ஜட்காபேரன்:
புரண்டிருக்கும். முதுகு அரித்தால் எல்லாக் குதிரையும் மண்ணில் புரளும். புரள்வது வேறு, படுத்துத் தூங்குவது வேறு. நீங்கள் காலையில் கறையைப் பார்த்தீர்கள், தூக்கத்தைப் பார்க்கவில்லை. நான் ராத்திரியில் பார்த்தேன்.

கபிலா_பாரிஸ்:
குட்டியைப் பார்த்ததே இல்லையா? பிறந்த குட்டி பால் குடிக்கும், காலை நீட்டிப் படுக்கும், திரும்ப எழும்பும். தாய் பக்கத்தில் காவல் நிற்கும். அங்கே ஒரு நாள் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜட்காபேரன்:
குட்டி வேறு.

கபிலா_பாரிஸ்:
கறை என்றால் புரண்டது, குட்டி என்றால் வேறு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன சொல்வது?

நாமக்கல்காரன்:
ஜட்காபேரன், ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படுக்க இடமில்லாமல், அல்லது கயிறு குட்டையாகி, அல்லது பக்கத்தில் துணைக்கு வேறு குதிரை இல்லாத பயத்தில் பல நாள் படுக்காமலே இருக்கிற குதிரை, நின்றபடியே ஆழ்ந்து போய்த் திடீரென்று முன்னங்கால் மடங்கிச் சரியும், உடனே விழித்து எழுந்துகொள்ளும். அப்படிச் சரிந்து சரிந்து முன்னங்கால் மூட்டுகளின் முன்பக்கம் தழும்பாகிவிடும். ராஜாவுக்கு அங்கே தழும்பு இருந்ததா?

ஜட்காபேரன்:
இருந்தது. இரண்டு கால் முட்டியிலும் முடி போய்க் காய்த்துப் போயிருந்தது. கல் பாவிய தெருவில் மழைக்காலத்தில் சறுக்கி விழுந்தது என்று தாத்தா சொன்னார். தினமும் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவுவார், கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இப்போது நீ என்ன சொல்ல வருகிறாய்? என் தாத்தா கயிற்றைக் குட்டையாகக் கட்டி அந்தக் குதிரையைத் தூங்கவிடாமல் சித்திரவதை செய்தார் என்கிறாயா? தான் சாப்பிடாத நாளிலும் அதற்குக் கொள்ளு வேக வைத்தவர் அவர். ராஜா செத்ததும் ஜட்கா ஓட்டுவதையே விட்டுவிட்டார், தெரியுமா? அந்தக் கால ஜட்காக்காரர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசாதே. படிப்பு வேறு, பிழைப்பு வேறு.

நாமக்கல்காரன்:
அப்படி நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் இது தெரிந்திருக்காது. கேட்டேன், அவ்வளவுதான்.

ஜட்காபேரன்:
கேட்ட விதம் எனக்குத் தெரியும்.

புதுக்குளம்பு:
எல்லோருக்கும் வணக்கம், நான் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பெட்டை இன்று முதல் குட்டி போட்டது, கறுப்பு நிறம். குட்டிக்கு ஓட்ஸ் கொடுக்கலாமா? அதையும் உறங்க வைக்க வேண்டுமா?

ஏலராணி:
குட்டி பிறந்ததற்கு வாழ்த்துகள். விற்கிற எண்ணம் இருந்தால் யாரிடம் விற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜட்காபேரன்:
தம்பி, வாழ்த்துகள். ஆறு மாதம் ஆகிற வரை குட்டிக்குத் தாய்ப்பால் மட்டும்தான், ஓட்ஸ் கிடையாது. விளையாட்டில் ஒரு நாள் என்றால் குதிரைக்கு இரண்டு மாதம், அதனால் மூன்று நாள் பொறுமையாக இரு. அந்த மூன்று நாளும் பாலூட்டும் பொத்தானை மறக்காதே. தாய்க்கும் தீவனம் குறையக் கூடாது. குதிரையேற்ற மையத்தில் ஒவ்வொரு நாளாகச் சேர்க்காதே, அடுத்த நாள் மறந்துவிடுவாய், குதிரை வாடிவிடும். 60 நாளுக்கு ஒரேயடியாகச் சேர்த்துவிடு. உறங்க வைக்கத்தான் வேண்டும், அது கணக்குக்காக, அழுத்திவிடு. நிஜத்தில் குதிரை நின்றுகொண்டுதான் தூங்கும்.

கபிலா_பாரிஸ்:
பார்த்தீர்களா, திரும்பவும். தம்பி, மற்றதெல்லாம் அண்ணா சொன்ன மாதிரியே செய்யுங்கள், இந்த விளையாட்டை அவரைவிட நன்றாகச் சொல்லித்தர இங்கே ஆளில்லை. கடைசி வரியை மட்டும் விட்டுவிடுங்கள். குதிரை படுக்கும்.

புதுக்குளம்பு:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. அப்போது உறங்க வைத்துவிட்டேன்.

ஜட்காபேரன்:
கபிலா, ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ பார்க்கிற குதிரைக்கு அறை இருக்கிறது, முழங்கால் அளவு வைக்கோல் இருக்கிறது, மருத்துவர் வருகிறார். பஞ்சுமெத்தை போட்டால் யாரும்தான் படுப்பார்கள். ரோட்டில் உழைத்த குதிரையை நீ பார்த்ததில்லை. என் லாயத்தில் இப்போது 140 குதிரை இருக்கிறது. 2012இல் முதலாவதாக வாங்கிய குதிரைக்கு ராஜா என்றுதான் பெயர் வைத்தேன். முப்பது வயது தாண்டினால் அதுவும் போய்விடும் என்றார்கள். விடவில்லை, ரசவாதக் கல் வாங்கிச் சாகாத குதிரை ஆக்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் முதலில் திறப்பது அதன் பக்கத்தைத்தான். தடவிக் கொடுத்து, தண்ணீர் காட்டி, கேரட் கொடுத்து, தேய்த்துவிட்டு அப்புறம்தான் மற்றவை. எனக்குக் குதிரையைப் பற்றி நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏலராணி:
சாகாத குதிரைக்கான கல்லை வாங்க விளையாட்டு நாணயமான பாஸ் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். என் பெட்டையை விற்ற காசா?

ஜட்காபேரன்:
என் சம்பளக் காசு. ராணி, நீங்கள் வேறு ஒரு திரி தொடங்கி உங்கள் ஏலக் கணக்கை அங்கே எழுதுங்கள், வந்து பதில் சொல்கிறேன்.

ஏலராணி:
2019இலும் இதையேதான் சொன்னீர்கள். திரி தொடங்கினேன், நீங்கள் வரவில்லை.

நாமக்கல்காரன்:
//பஞ்சுமெத்தை போட்டால் யாரும்தான் படுப்பார்கள்// அப்படியென்றால் இடம் கொடுத்தால் குதிரை படுக்கும் என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

ஜட்காபேரன்:
நான் அப்படிச் சொல்லவில்லை. வாயைக் கிளறாதே.

கபிலா_பாரிஸ்:
சொன்னீர்கள், மேலே இருக்கிறது. சரி, வருகிற சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கே போய் அந்தச் சாம்பல் பெட்டையின் அறைக்கு வெளியே கைப்பேசியை வைத்துப் படம் பிடித்து இங்கே போடுகிறேன். படுத்திருப்பதைப் பார்த்த பிறகாவது அந்த வரியைக் குறிப்பில் இருந்து எடுத்துவிடுவீர்களா?

ஜட்காபேரன்:
போடு, பார்க்கிறேன். அதற்கு வயிற்றுவலி இல்லை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி அதையும் சேர்த்துப் போடு.