அறுபதைத் தாண்டிய உடம்பு: மொரீஷியஸ்காரர்களின் அனுபவங்கள்

ரோஸ் ஹில் மருமகள்:

என் மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. காலை நடை தவறாதவர், சுகர் மாத்திரையும் தவறாதவர். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது சோபாவிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சத்துமாவு டப்பாவை வைத்துவிட்டு, "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் நடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் ஒரு தலையணை வைத்தார். மாமனாரை உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழச் சொன்னார். இடுப்பு நாலு விரல் எழும்பித் தொப்பென்று விழுந்தது. "பரவாயில்லை மாமா. நான் பிடிச்சுக்கறேன், எழுந்திருங்க. உட்காரும்போது மட்டும் மெதுவா இறங்குங்க, அதுவே பயிற்சிதான்" என்றார். கொஞ்ச நாளில் தலையணையை எடுத்துவிட்டோம். அப்புறம் அரைக்கிலோ மைசூர்ப் பருப்பைத் துணிப்பையில் தைத்துக் கணுக்காலில் கட்டி, உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கவைத்தார். இப்போது அவரே எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொள்கிறார்.

இதெல்லாம் அந்தப் பெண்ணின் கைச்சரக்கோ என்று நினைத்தேன். இல்லை, பழைய ஆராய்ச்சியே இருக்கிறது. 1990-ல் பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையான பத்து முதியவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களுக்குக் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ரொம்பச் சின்ன ஆய்வுதான். ஆனால் 1994-ல் அதே குழு நூறு பேரை வைத்துச் செய்தபோதும் பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை கூடியது. பயிற்சியில்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. எங்கள் வீட்டு டப்பாக்கள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

போர்ட் லூயி வாசகர்:

எங்கள் வீட்டுக் கதை எண்ணெய்க் கதை. 1987-ல் சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தத் தீவில் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அம்மாவும் போனாள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து மறுபடியும் எடுத்தார்கள். அந்தத் தித்திப்பைப் பற்றி அம்மா சாகும்வரை குறை சொன்னாள்.

அதே காலத்தில் அரசு ஒரு காரியம் செய்தது. மானிய விலை எண்ணெயில் அதுவரை பெரும்பாலும் பாமாயில்தான். அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை. காத்தோ பிமா என்னும் மிளகாய் வடை வாணலியில் அதே பொன்னிறத்தில்தான் வெந்தது. ஆனால் 1992-ல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரி கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-ஆக இறங்கியிருந்தது. முழுப் பெருமையும் எண்ணெய்க்கே என்று சொல்ல மாட்டேன். அதோடு பிரசாரமும் நடந்தது, பலர் சிகரெட்டும் குடியும் குறைத்தார்கள். உடற்பயிற்சியும் கூடியிருந்தது. எனக்கு வியப்பு என்னவென்றால், அம்மாவைப் போல எந்தப் பத்தியமும் இருக்காத ஆட்களுக்கும் அந்த மாற்றம் போய்ச் சேர்ந்தது.

சுகர் மட்டும் மசியவில்லை. எடையும் கூடிக்கொண்டே போனது. 2021 கணக்கெடுப்பில்கூட 20 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சுகர். எண்ணெயை மாற்றிய அரசாங்கம் டால் பூரியின் எண்ணிக்கையை மாற்ற முடியாதே!

க்யூர்பிப் மழைக்காரன்:

எங்கள் ஊர் மழையில் தினமும் நடப்பதாவது! நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அது எப்படி என்று மலைத்துப்போய் பெரியப்பா நடையையே விட்டுவிட்டார். அவருக்கு விளக்கினேன்: அந்தப் பத்தாயிரம் 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஓர் அடிமானியின் (காலடிகளை எண்ணும் கருவி) பெயரிலிருந்து வந்தது, எந்த வைத்தியரும் விதித்ததல்ல. சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தெரியவில்லை. திடமாக இருப்பவர்தான் அதிகம் நடப்பார் என்ற சந்தேகம் இதில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பெரியப்பா மழை நாளில் சூப்பர்மார்க்கெட்டுக்குள் தள்ளுவண்டியைப் பிடித்தபடி சுற்றுகிறார். பெரியம்மாவுக்குத்தான் கவலை, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒரு பிஸ்கட் பாக்கெட் வண்டிக்குள் விழுந்துவிடுகிறதாம்.

வாக்வா நர்ஸ்:

நான் பார்க்கும் முதியவர்களில் பாதிப் பேருக்குத் தொல்லை அதிகம் சாப்பிடுவதால் அல்ல, குறைவாகச் சாப்பிடுவதால். ஒரு தாந்தீன் (வயதான அம்மா) இருந்தார். சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து கொஞ்சம் சோறும் கீரை புய்யோனும் (தண்ணீராகக் கொதிக்கவைத்த கீரைச் சாறு) மட்டுமே. மீன், முட்டை, பருப்பு எதுவும் கிடையாது. தைப்பூச விரதச் சாப்பாட்டையே வருடம் முழுக்க நீட்டிவிட்டார். சுகர் நல்ல அளவில் இருந்தது, ஆனால் வளையல் முழங்கை வரை ஏறியது, குளியலறையில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது.

முதுமையில் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது வல்லுநர் குழுக்களின் பரிந்துரை. அறுபது கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு பெரிய கிண்ணம் வெந்த பருப்பில் 18 கிராம்போலத்தான் கிடைக்கும், ரசத்தில் மிதக்கும் பருப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த ஊரில் சுகரோடு சிறுநீரகமும் கெட்டவர்கள் நிறைய. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டயாலிசிஸுக்கு முன் ஒரு அளவு, டயாலிசிஸில் இருக்கும்போது வேறு அளவு. டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ரோஸ் ஹில் மருமகளுக்கு: நாற்காலிப் பயிற்சியோடு சமநிலைப் பயிற்சியும் சேருங்கள். அறுபத்தைந்துக்கு மேல் வாரம் மூன்று நாளாவது அது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் சொல்கிறது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதில் தொடங்கலாம். பக்கத்தில் ஆள் இருக்கட்டும், ரப்பர் செருப்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.