மெக்கானிக்கல் தம்பிக்கு எந்த மேத்ஸ் எலெக்டிவ்?

காலாப்பட்டு கணக்கு: மூணாம் வருஷ மெக்கானிக்கல் தம்பி ஒருத்தர் எந்த மேத்ஸ் எலெக்டிவ் எடுக்கலாம்னு கேட்டதுக்கு, மேலே ஒரு அண்ணன் "இன்ஜினியருக்கு ரியல் அனாலிசிஸ் வெட்டி வேலை"ன்னு அருள்வாக்கு சொல்லியிருக்கார். லிமிட், கன்வர்ஜென்ஸ் எல்லாத்தையும் நிறுவிக் காட்டுற பாடம் அது. 1991 ஆகஸ்ட்ல நார்வேயில ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையோட கான்கிரீட் அடிப்பாகம் மூழ்கின கதை தெரியுமா அவருக்கு? ஃபைனைட் எலிமென்ட் கணக்குல, அதாவது சுவரைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சுப் போடுற கணக்குல, ஷியர் ஸ்ட்ரெஸ் (வெட்டுத் தகைவு) 47 சதவீதம் குறைவா வந்துது. சுவர் பிளந்துடுச்சு.

மஞ்சக்குப்பம் மெக்: அந்த அண்ணன் நான்தான். அது மெஷ், அதாவது அந்தத் துண்டுகளோட வலை, சரியா போடாத கோளாறு. அனாலிசிஸ்ல நிறுவுற எப்சிலான்-டெல்டா தெரியாம மூழ்கல. தம்பி, நியூமெரிக்கல் லீனியர் ஆல்ஜீப்ரா (கம்ப்யூட்டர்ல மேட்ரிக்ஸ் கணக்கு) எடு. அதுல வர்ற ஐகன்வேல்யூ இல்லாம வைப்ரேஷன் பேப்பரே இல்ல. சிப்காட்ல இத்தனை வருஷத்துல ஒருத்தனும் என்கிட்ட அனாலிசிஸ்ல வர்ற லெபேக் இன்டக்ரல் கேட்கல.

காலாப்பட்டு கணக்கு: சிப்காட்ல கேட்கலன்னா உலகத்துலயே இல்லையா? மெஷ்ஷைப் பொடிசாக்கப் பொடிசாக்க விடை எங்க போய் நிக்கும், பிழை எவ்வளவு வேகமா குறையும்? இதைச் சொல்றதே அனாலிசிஸ்தான். 47 சதவீதம் அண்ணே. 47!

மஞ்சக்குப்பம் மெக்: பிறகு ஒழுங்கா போட்டுப் பார்த்தப்ப 62 மீட்டர் ஆழத்துல உடையும்னு வந்துது. நிஜத்துல உடைஞ்சது 65ல. அதுவும் ஃபைனைட் எலிமென்ட்தான். தேற்றமா வந்து போட்டுக் கொடுத்துச்சு?

காலாப்பட்டு கணக்கு: அந்த 62ஐ நம்பலாம்னு சொல்றது தேற்றம்தான்.

நெல்லித்தோப்பு சிவில்: கேட் (GATE) தேர்வுல மேத்ஸுக்கு 13 மார்க். அதுக்கு ஏன்யா நார்வே வரைக்கும் போறீங்க? புராபபிலிட்டி எடுக்கச் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் மெக்: காலாப்பட்டார் அப்படித்தான். போன மாசம் புல்லட் மைலேஜ் சண்டையிலயும் ஒரே நம்பரைப் பிடிச்சுத் தொங்கினார்.

காலாப்பட்டு கணக்கு: மைலேஜைப் பேசாதீங்க. புதுச்சேரியில பெட்ரோல் போட்டுட்டு கடலூர் விலையில கணக்கு காட்டினது யாரு? விஷயத்துக்கு வாங்க. 1807ல ஃபூரியர் வெப்பம் பரவுற கணக்கை சைன், கோசைன் சீரிஸா எழுதிட்டு வந்தப்ப, கணித மேதை லக்ராஞ்சே ஒத்துக்கல. அந்த சீரிஸ் எப்போ கன்வர்ஜ் ஆகும், அதாவது ஒரு விடையில போய் நிக்கும்னு டிரிஷ்லேங்கிற கணிதர் 1829லதான் ஒழுங்கா நிறுவினார். அதுவும் வெட்டியா?

மஞ்சக்குப்பம் மெக்: அந்த 22 வருஷமும் வெப்பம் பாட்டுக்குப் பரவிக்கிட்டுத்தானே இருந்துச்சு?

நெல்லித்தோப்பு சிவில்: 😂😂

காலாப்பட்டு கணக்கு: சிரிங்க. மேடை மூழ்கினப்ப அங்க யாரும் சிரிக்கல.

மெக் மூணாம் வருஷம்: அண்ணா, லிஸ்ட்ல காம்ப்ளக்ஸ் அனாலிசிஸும் இருக்கு. எதை டிக் பண்றது?

காலாப்பட்டு கணக்கு: தம்பி, கொஞ்சம் பொறு. மஞ்சக்குப்பத்தாரே, 47 சதவீதத்துக்கு இன்னும் பதில் வரல.

மஞ்சக்குப்பம் மெக்: சொல்லியாச்சு. மெஷ்.

காலாப்பட்டு கணக்கு: மெஷ்ஷாம்! அன்னிக்கு மைலேஜுக்கு கார்புரேட்டர்னு சொன்னீங்களே, அதே ரகம்.