விரைவுப்படகில் ஏட்ரியாட்டிக் தீவுகள்: அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
வணக்கம். ஜூன் மாதம் குரோஷியா செல்லும் நாங்கள், ஸ்பிளிட் நகரிலிருந்து பத்துப் பேர் மட்டும் ஏறும் விரைவுப்படகில் விஸ், ஹ்வார் தீவுகளை ஒரே நாளில் பார்த்துவர விரும்புகிறோம். ஏற்காடு ஏரிப் படகைத் தவிர வேறெதிலும் ஏறியிராத, முதுகுவலியுள்ள என் அம்மாவுக்கு இது ஒத்துவருமா?

பதில் (ஏற்காடு):
வேண்டாம் என்பதே என் கருத்து. திறந்த கடலில் படகு அலைமேல் எழும்பி விழும்போது அதிர்வு முழுவதும் முதுகில்தான் இறங்கும். என் அப்பா பின்னிருக்கையில் அமர்ந்தும் இரண்டு நாள் எழமுடியாமல் கிடந்தார். ஸ்பிளிட்டிலிருந்து ஹ்வாருக்குப் பெரிய பயணிகள் கப்பலே செல்கிறது. அம்மாவை அதில் அழைத்துச் செல்லுங்கள்.

பதில் (சூரமங்கலம்):
நீங்கள் மட்டும் படகில் சென்றால், விஸ் அருகே பிஷெவோ தீவின் நீலக்குகையைத் தவறவிடாதீர்கள். நீருக்கடியிலுள்ள திறப்பின் வழியே நுழையும் வெயில், வெளிறிய அடித்தரையில் பட்டுத் திரும்புவதால் குகை முழுவதும் நீலமாக ஒளிர்கிறது. முற்பகல் 11 மணியை ஒட்டிய நேரமே சிறந்தது. 1884இல் வெட்டப்பட்ட வாயில் மிகத் தாழ்வானது என்பதால் சிறு படகுக்கு மாறித் தலைகுனிந்தே நுழைய வேண்டும். கடல் கொந்தளித்தால் அனுமதியில்லை. அன்று கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மாவுக்குக் கப்பலிலேயே இடம் பதிவு செய்கிறேன்.